இருபது கொண்டை ஊசி

"வல்லரசு ஆகிவிட்டோம்" என்று
ஏற்காடு பஸ்ஸில் ஒருவர்
பதினாறாவது வளைவு வரை பேசிக்கொண்டே வந்தார்.
அதற்குமேல் எனக்குக் காது அடைத்துவிட்டது.

நாகலூரில் சடையன்
தார்ப்பாயில் மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார்.
கைபேசியில் விலையைக் காட்டினேன்.
நேற்று யாரோ யாருடனோ கைகுலுக்கியதில்
கிலோவுக்கு நாற்பது போயிருந்தது.

"எந்த ஊர்ச் சரக்கு எறங்குது?"
நட்பு நாடு என்றேன்.
"நட்புன்னா நல்லதுதானே"
மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினார்,
விற்காமல்.

அவர் தலைக்குமேல் சில்வர் ஓக்,
ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது.
அதைப் பிடித்துத்தான் ஏறிக்கொண்டிருந்தது
ஒரு காலத்தில் கப்பல்களை வரவழைத்த கொடி.

இறங்கும்போது மழை.
மடியில் வெறும் தராசு.
"எந்தப் பக்கமும் சாயமாட்டோம்" என்றது
டிரைவரின் வானொலி.
முள்
பஸ் திரும்பிய பக்கமெல்லாம் போய்
வந்துகொண்டிருந்தது.