இருபதுக்கு மேல் பின்வாங்காது

பகாவ் ஆலை, எடை மேடைக் கண்ணாடி அறை.
இரவு பதினொன்றுக்கு மேல்
லோரிகள் இடைவெளி விட்டுத்தான் வரும்.
அந்த இடைவெளிகளில் நான் கணினி விளையாட்டு செய்கிறேன்.
மடிக்கணினி தம்பியுடையது. ஒரு விசை கழன்றுபோனது,
அதன் பள்ளத்தில் என் விரல் பழகிவிட்டது.

விளையாட்டில் ஒரு லோரி.
செம்பனைக் குலை ஏற்றி மண்சாலையில் வர வேண்டும்.
கெடுவுக்குள் ஆலை சேராவிட்டால் பழம் கெட்டுப்போகும்.
அவ்வளவுதான் கதை.
கதை சின்னது. செய்யும் மென்பொருள்தான்
பெயர்ப்பலகை இல்லாத பெரிய தோட்டம்.

மரம் நட மூன்று பட்டியலைத் திறந்து
நான்காவதற்குள் நுழைய வேண்டும்,
அதுவும் ஒவ்வொரு மரமாக.
எக்டருக்கு நூற்று முப்பத்தாறு என்று
முக்கோணம் பிடித்து நட்ட ஊர் இது.
ஒரு கயிறு கொடுத்தால் போதும் ஐயா,
இந்த முனையில் ஒரு சொடுக்கு, அந்த முனையில் ஒன்று,
நடுவில் வரிசை தானே எழுந்து நிற்கும்.

அப்புறம் எழுத்து.
கோப்பிக் கடைக்குப் பலகை வைத்தேன்.
கொம்பு ககரத்தின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது,
கால் தனியே நின்றது,
புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில்.
வெறுத்துப்போய்ப் பலகையைப் படமாகவே வரைந்து ஒட்டினேன்.
அவசரத்தில் ஓர் எழுத்து விட்டுப்போய்
இப்போது அது 'கோபிக் கடை'.
யார் அந்தக் கோபி என்று தம்பி கேட்கிறான்.

செய்ததை மாற்ற
இருபது அடிதான் பின்னால் போக விடுகிறது.
இருபத்தோராவது தவறோடு குடித்தனம் நடத்த வேண்டும்.
என் வேலையில் தவறை அழிக்கவே கூடாது.
தப்பான எண்மேல் ஒற்றைக் கோடு,
பக்கத்தில் சரியான எண், என் கையெழுத்து,
கீழே மேனேஜர் கையெழுத்து.
ஒன்பது வருஷத்துத் தவறுகள்
நீலப் புத்தகங்களில் இன்னும் வாசிக்கக் கிடைக்கின்றன.
திரையிலும் அப்படி ஓர் ஓரம் இருந்தால்!
நான் உடைத்த பாலம் மங்கலாகத் தெரியட்டும்,
எந்த ராத்திரி, எதற்காக, என்று ஒரு வரியோடு.

முடித்த விளையாட்டை இது பூட்டித்தான் கொடுக்கும்.
பிறர் கை வைக்க வாசல் கிடையாது.
அதனால் கோப்புறையை மொத்தமாகப் பென் டிரைவில் போட்டு
லோரிக்கார ஜெகநாதன் மகள் கவிஷாவிடம் கொடுத்தேன்.
படிவம் நான்கு. பேச்சு குறைவு.
எட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது.

கெடுவை எடுத்துவிட்டிருந்தாள்.
புதிதாக ஒரு விசை: அழுத்தினால் லோரி நிற்கிறது,
ஓட்டுநர் இறங்குகிறார்,
செம்பனை ஓரமாக முதுகைக் காட்டி நிற்கிறார்,
முகம் கழுவுகிறார், மறுபடி ஏறுகிறார்.

என் லோரி நிற்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.
எனக்குத் தெரிந்தது வந்த நேரமும் எடையும்தான்.

இன்னொன்றும் எழுதியிருந்தாள்,
யாரும் கவனிக்க மாட்டார்கள்:
அவர் இறங்கினால் லோரி எழுபது கிலோ குறையும்.

இரண்டு பத்துக்கு விளக்கு வளைவில் திரும்பியது.
ஜெகநாதன்தான். மேடையில் ஏற்றி நிறுத்தி,
கதவைத் திறந்து கீழே குதித்தார்.
சிவப்பு எண்கள் தடுமாறின.
எங்கள் மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
எண்பது.

"என்னங்க, எடை தப்பா?" என்றார்.
இல்லை என்றேன்.

அவர் போனதும் கோப்பைத் திறந்தேன்.
எழுபதை அழிக்கவில்லை.
வரியின் முன்னால் கோடு போட்டுவிட்டு
கீழே எண்பது, தேதி, என் பெயர்.
மேனேஜர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்,
நாளைக்குக் கவிஷா வருவாள்.