நாய் தின்னாத பல்

மருந்துக்கடைக்குள் நுழைந்ததும்
என் கண்ணாடி பனித்துப் போகிறது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
துடைத்துவிட்டுப் பார்த்தால்
ஒரு சுவர் முழுக்கப் பல் துலக்கும் பிரஷ்கள்:
முதலை, விண்வெளி வீரன்,
அழுத்தினால் பாடும் ஒட்டகம்,
அடியில் ரப்பர் வட்டு வைத்த பென்குவின்,
உலான்பாதரில் யாரும் நேரில் பார்த்திராத பறவை,
ஒன்பதாயிரம் துக்ரிக்.

“அட்டையைக் கிழித்தால் வாங்கியே ஆகணும்”
என்கிறாள் கடைப்பெண், தலை நிமிராமல்.
முதலையைக் கிழிக்கிறேன்.
நார் மென்மையா என்று
நகக்கண் ஓரத்தில் உரசிப் பார்க்கிறேன்.
தலை சிறிதா என்று
சுண்டுவிரல் நகத்தோடு வைத்து அளக்கிறேன்.
என் எனெரெலின் வாய்
ஒரு பொத்தான் துளை.
அதில் நேற்றோடு ஆறு பற்கள்.

மூத்தவனுக்கு இதெல்லாம் பார்க்கவில்லை.
தெமூலென் கைக்குழந்தையாய் இருந்தபோது
இரவு ஷிப்டில் டிராலிபஸ் கழுவிக்கொண்டிருந்தேன்.
ஒட்சுரென் அடுப்புக்குக் கரி போட்டுவிட்டு
சர்க்கரை கரைத்த பால்புட்டியை
அவன் வாயில் வைத்துத் தூங்கவைப்பார்.
அழாத பிள்ளை, சமர்த்துப் பிள்ளை என்று
பக்கத்துக் கூடாரங்கள் மெச்சின.
அவன் தூங்கினான்.
அந்த இனிப்பும்
முன்பல் நாலின் மேல் விடிய விடியப் படுத்திருந்தது.

சொத்தை கறுப்பாகத் தொடங்குவதில்லை.
அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.
ஈறோரம் சுண்ணாம்புக் கோடு,
மலைவிளிம்பில் முதல் பனி மாதிரி,
அழகாகக்கூட இருந்தது.
பிறகு தேநீர் நிறம்.
பிறகு ரொட்டியைக் கண்டாலே வாயைப் பொத்திக்கொண்டான்.
“பால்பல்தானே, விழத்தானே போகுது” என்றார் ஒட்சுரென்.
நானும் தலையாட்டினேன்.
விழவில்லை. பிடுங்கினார்கள்,
மூன்றரை வயதில், மயக்க மருந்து கொடுத்து,
நாலையும்.

இங்கே வழக்கம் ஒன்று உண்டு:
போன பல்லைக் கொழுப்பில் பொதிந்து
நாய்க்குட்டிக்கு ஊட்ட வேண்டும்.
கெட்ட பல்லை எடுத்துக்கொள்,
நல்ல பல்லைத் தா.
ஆட்டுவால் கொழுப்பு உருண்டையை
இரண்டு கையாலும் நீட்டினான்.
முன்வாய் காலி, நாக்குக்கு முட்டுச் சுவர் இல்லை;
‘தா’ வெறும் காற்றாக வந்தது.
நாய் கொழுப்பை நக்கித் தின்றது,
பல்லைத் துப்பியது.
பனிமேல் மிளகு போலக் கிடந்தது.
நாயைப் பார்க்கவில்லை அவன்,
என்னைப் பார்த்தான்.

பல் டாக்டர் உயங்கா திட்டவில்லை.
திட்டியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.
அட்டையின் பின்புறம் ஓர் அரிசி வரைந்தாள்:
“ஃப்ளோரைடு பசை, சின்னதுகளுக்கு இவ்வளவே.
மூணு வயசானால் பட்டாணி.
படுக்கைக்குப் போகும் புட்டியில் தண்ணீர் மட்டும்.
பெரியவன் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம்,
பசை கொஞ்சம் பல்லிலேயே தங்கட்டும்.”
கடைசி வரியில் ஒட்சுரென் முகம் மலர்ந்தது.
குன்றின் அடியிலிருந்து
தண்ணீர் கேனைச் சறுக்குவண்டியில் இழுத்து வருபவர்
அவர்தானே.

இப்போது இரவு.
அடுப்பு உறுமுகிறது.
எனெரெலின் தலை என் மடியில்,
கால்கள் அவள் அப்பாவின் மடியில்,
முதலை வாய்க்குள்.
கடிக்கிறாள், திமிறுகிறாள்,
பக்கத்துக் கூடாரங்களுக்கெல்லாம் கேட்கும்படி வீறிடுகிறாள்.
இனி யாரும் சமர்த்து என்று சொல்ல மாட்டார்கள்.

கைபேசி வெளிச்சம் பிடிப்பது தெமூலென்.
ஏழு வயது. புதுப்பல் இரண்டு
ரம்பம் போல் விளிம்போடு இறங்கியிருக்கிறது.
தங்கையின் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்குகிறான்,
உயங்கா காட்டிக்கொடுத்தபடி.

“அம்மா, வெள்ளையா ஏதோ இருக்கு.”

அடுப்பின் சத்தம் மட்டும்.
ஒட்சுரென் முழந்தாளிட்டு நெருங்குகிறார்.
நான் குனியவில்லை. குனிய முடியவில்லை.

துணி முனையால் துடைக்கிறான்.
மறுபடி குனிகிறான், மூக்கு அவள் கன்னத்தில் இடிக்க.

“பசை” என்கிறான்.
“அரிசி அளவுக்கு மேல போட்டுட்டே.”