பத்தாம் கட்டம்

செப்டம்பர் கடைசி ஞாயிறு, திருப்பலி முடிந்து
கோட்டுப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவனை
வாசலில் மறித்தாள் மார்லிஸ் ஸ்கூபிச்.
கையில் அட்டை, அட்டையில் தாள்.
"எதற்கு வருவீர்கள்? ஒரு டிக் போதும்."

வாசகர். பாடகர் குழு.
நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோவோர்.
திங்கள் காலை காணிக்கை எண்ணுவோர்.
மறைக்கல்வி ஏழாம் வகுப்பு,
போன வருஷம் இரண்டு ஆசிரியர்கள் தப்பியோடிய வகுப்பு.
பீடத்துணி துவைத்து இஸ்திரி போடுவோர்.

டுலூத் துறைமுகத்தில் இருபத்தாறு வருஷமாக
கப்பலுக்கு இரும்புத்தாது ஏற்றுகிறவன் நான்.
குரல் கிடையாது. மறையுரையில் பாதி தூக்கம்.
கார் நிறுத்துமிடத்தில் கைகாட்டி நிற்கலாம் என்று
பதினோராம் கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனேன்.
பேனாவை அட்டையின் தலையில் கட்டியிருந்தார்கள், நூல் குட்டை.
ஒரு வரி மேலேயே விழுந்தது டிக்.

செவ்வாய் இரவு தொலைபேசி.
"வியாழன் பத்தரைக்கு அடக்கம்.
உங்களுக்கு முட்டை உரிக்க வருமா?"

கோவிலுக்குக் கீழே ஒரு நிலவறைக் கூடம்.
கொதிக்கையில் சரக்கு ரயிலாய் முனகும் காபிக் கொப்பரை.
டெல்ஃபின் வோய்த்தாசியாக்கிடம் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு:
ஆளுக்கு ஒன்றரை சாண்ட்விச்,
லூத்தரன் உறவுக்காரர்கள் வந்தால் இரண்டு.
இளவயதுச் சாவென்றால் ரொட்டியைக் கூட்டு.
தொண்ணூறைத் தாண்டியவரென்றால் குறை,
சாப்பிட வேண்டிய சிநேகிதரெல்லாம் முன்னமே போயிருப்பார்கள்.
"வெண்ணெயை ஓரம் வரைக்கும் தடவு," என்றாள் என்னிடம்.
"அழுதவங்க வாய் காய்ஞ்சிருக்கும்."

தடவினேன். அக்டோபரில் நான்கு அடக்கம்,
நவம்பரில் ஏழு.
இரவு ஷிஃப்ட் முடிந்து அப்படியே வருவேன்,
நகக்கண்ணில் செம்மண் நிறத் தாது;
மார்லிஸ் என்னைக் கைகழுவும் தொட்டிக்கே முதலில் அனுப்புவாள்.

பிப்ரவரியில் இங்கே மண்ணும் இரும்பு.
தோண்ட முடியாது.
பெட்டி கல்லறைக் கிடங்கில் வசந்தம் வரை காத்திருக்கும்.
பசி காத்திருக்காது.
அந்த மாதத்தில் வந்தார் ரேமண்ட் டூஷாம்,
சலவைக்கடை மாடியில் குடியிருந்தவர்,
எழுபத்தொன்று.
நாற்பது பேருக்குப் போடு, என்றாள் டெல்ஃபின்.

பத்தேகாலுக்கு மேலே ஏறிப் பார்த்தேன்.
ஆர்கன் வாசிப்பவர் இருந்தார்.
பெட்டி வண்டிக்காரர்கள் இருவர் இருந்தார்கள்.
பாதர் ஒபியோரா வாசலுக்கு வெளியே
காலணிக்குள் பனி புக நின்றுகொண்டிருந்தார்,
யாராவது தெருமுனையில் திரும்புவார்கள் என்று.
"எங்கள் ஊரில் இதற்கு ஒரு மாடு விழும்," என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

கீழே போய்ச் சொன்னேன்.
டெல்ஃபின் ஏப்ரனை அவிழ்த்தாள்.
அடுப்பை அணைத்தாயா என்று யாரோ கேட்டார்கள்.
குடும்பத்தாருக்கென்று வெள்ளை நாடா கட்டிய முதல் பெஞ்சில்
நாங்கள் ஐந்து பேரும் போய் உட்கார்ந்தோம்.
வாசகர் வராததால் வாசகம் என் தலையில் விழுந்தது.
இரண்டு இடத்தில் தடுக்கினேன்.
என் கையில் வெங்காய வாசனை.

தூக்க ஆறு பேர் வேண்டும்.
பாதர் திருவுடையோடு ஒரு பிடியைப் பிடித்தார்.
பாரம் எனக்குப் பழக்கம், இருந்தாலும்
ஒரு மனிதர் இவ்வளவு லேசாக இருப்பார் என்று
நான் நினைத்திருக்கவில்லை.

பிறகு கீழே, நாற்பது பேர் சாப்பாட்டின் முன்னே ஏழெட்டுப் பேர்.
பனி தள்ளும் வண்டிக்காரன் வெளிச்சம் பார்த்து இறங்கி வந்தான்,
கையுறையைக் கழற்றாமலே, "யார் போனது?"
பெயரைச் சொன்னோம்.
"உங்களுக்கு என்ன வேணும்?"
மார்லிஸ் ஒரு தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.
"இங்கேதான் உட்கார்ந்தோம், முதல் பெஞ்சில்."
அவன் தொப்பியை எடுத்தான். மூன்று சாண்ட்விச் சாப்பிட்டான்.

இந்த செப்டம்பரிலும் தாள் வந்தது.
பேனா நூலை நீளமாகக் கட்டியிருக்கிறார்கள்,
பதினொன்று தாராளமாக எட்டுகிறது.
வெயிலில் நின்று கைகாட்ட
யாராவது ஒருவர் கட்டாயம் வேண்டும்தான்.
நாளைக்கு ஓர் அடக்கம்.
பெரிய குடும்பமாம், ஒன்பது பிள்ளைகள்.
முட்டை பதினைந்து டஜன்.