காதுக்கல்

வார்டன் பாயிண்ட் சரிவில் களிமண் இறங்கிக்கொண்டே இருக்கிறது.
போன மாதம் ஒரு வேலி,
இந்த மாதம் யாருடையதோ தோட்டக் கொட்டகை, கதவு மூடியபடியே.
இவோனா வாளியோடு முன்னே போகிறாள்,
இரவுப்பணிச் சீருடை இன்னும் கோட்டுக்குள்.
நான் இடியாப்ப மா அரிக்கும் அரிதட்டோடு.

அலசினால் மிஞ்சுவது
கந்தகம் மணக்கும் பொன்னிறச் சுள்ளிகள்,
ஒரு சுறாப்பல் (அது எப்போதும் அவளுக்கு),
பிறகு இது:
பாதிப் பயறளவு. ஒரு பக்கம் குழிவு, மறு பக்கம் புடைப்பு,
நடுவே நகத்தால் கீறியதுபோல் ஒரு வாய்க்கால்.

அப்போது இந்தக் கரை வெந்நீர்க் கடலாம்,
ஓரமெல்லாம் நீர்த்தென்னையாம்.
ஆகஸ்டில் இரண்டு நாள் நம்ப முடிகிறது.
எலும்பு கரைந்தது. செதில் கரைந்தது.
கண் எப்போதோ போயிற்று.
ஐந்து கோடி ஆண்டு கழித்து
மீனில் மிஞ்சியது, அது கேட்ட இடம்.

எந்த மீன்?

ஒப்பிட்டால்தான் தெரியும் என்கிறது கையேடு.
ஜில்லிங்ஹாம் தமிழ்க் கடையில்
விளை, பாரை, பன்னா, தலை மட்டும் கேட்டேன்.
"கூழுக்கோ அண்ணை?" என்றான் பெடியன்.
ஓம் என்றேன்.
அவித்து, மண்டை பிளந்து, ஊசியால் நெம்பி
சோடி சோடியாய்த் தீப்பெட்டிகளில் வைத்தேன்.
வாடை பற்றி வீட்டுக்காரர் இரண்டு கடிதம் போட்டுவிட்டார்.
பன்னா கிட்ட வருகிறது.
வாய்க்கால்தான் கடைசியில் வேறு பக்கம் திரும்புகிறது.

உடைத்துப் பார், என்கிறாள் இவோனா,
உள்ளே வளையம் இருக்கும்,
பெயர் போகட்டும், வயதாவது கிடைக்கும்.

டோவரில் எனக்குப் பதினைந்து.
மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர்
மீசையைப் பார்த்தார்கள், கழுத்தைப் பார்த்தார்கள்,
தேநீர்க் கோப்பையை நான் பிடித்த விதத்தைப் பார்த்தார்கள்.
பத்தொன்பது என்று எழுதினார்கள்.
பிறந்த நாள் ஜனவரி ஒன்று.
வருடா வருடம் அன்றைக்கு இவோனா கேக் வாங்கி வருகிறாள்.
நானும் ஊதுகிறேன், கேக் நன்றாகத்தான் இருக்கிறது.

குறடு கையில் இருந்தது. விளக்கும் நல்ல விளக்கு.
வைத்துவிட்டேன்.

தீப்பெட்டிச் சீட்டில்
எடுத்த இடம், எடுத்த தேதி, எடுத்தவர் இருவர்.
மீன்,
பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி,
அழிக்க வசதியாக.

நாளை கடல் வற்றுவது ஆறு பத்துக்கு, என்கிறாள் இவோனா.
இதைவிடப் பெரிய வாளி ஒன்று வேண்டும்.