குறுக்கே

செவ்வாய்ச் சந்தை கலைந்த பின்
மேலப்பாளையத்தில் மைதீன்பிச்சை உருவித் தந்தார்
ஒரு கிடாயின் தொடை நரம்பு.
"இது கொழம்புக்கு ஆவாதே மேடம்."
காசு வாங்கவில்லை.

ஹைகிரவுண்டில் கடைசி நோயாளியும் போய், மணி பதினொன்று.
கம்மலைக் கழற்றி வைத்துவிட்டு
ஜெபக்கனி குழாயைக் காந்தத்துக்குள் தள்ளுகிறாள்.

இழையை நாங்கள் பார்க்கப்போவதில்லை.
தலைமுடியைப் பத்தாய் வகிர்ந்தால் வருகிற ஒன்று அது,
எந்தப் படத்திலும் நிற்காது.
உள்ளே கிடக்கும் தண்ணீரிடம்தான் விசாரணை:
ஐம்பது மில்லிசெகண்டில் எவ்வளவு தூரம் போனாய்?

நெடுக்கே கேட்டால் தாராளமாய்ச் சொல்லும்.
குறுக்கே கேட்டால் முட்டிக்கொண்டு நிற்கும்.
இருட்டில் பாளையங்கால்வாயில் இறங்கியவன்
கரையைக் காலால் அறிவதுபோல
போக முடியாத தூரத்தை வைத்துச்
சுவரை வரைய வேண்டும்.

இன்று வரைந்தது தப்பு.
நெடுக்கேயும் நகரவில்லை தண்ணீர்.
இரண்டு தரம் ஓட்டினோம். நிரலைத் திட்டினேன்.
ஜெபக்கனிதான் குழாயைத் தொட்டுப் பார்த்தாள்:
"சில்லுனு கெடக்கு மேடம்.
உசுரோட வெயில்ல மேஞ்ச ஆடுல்லா?"

எவர்சில்வர் பிளாஸ்க் காந்த அறைக்குள் போகாது.
கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து
அவள் குடிக்க வைத்திருந்த வெந்நீரைக்
குழாயைச் சுற்றி ஊற்றிக்கொண்டிருக்கிறோம்,
முப்பத்தொன்பது டிகிரி வரட்டும் என்று.