ஈரப்பதம்

கொரடாச்சேரிக்குத் தெற்கே
வெண்ணாற்றுக் கரையோரம் நேரடிக் கொள்முதல் நிலையம்.
அங்கே நான் பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
எனக்கு இது ஏழாம் மாதம்.

மீட்டரில் ஒரு பிடி நெல்லைப் போட்டு
பதினேழு காட்டினால் எடை.
தாண்டினால் திரும்பவும் களம், வெயில்.
மீட்டர் மக்கர் செய்கிற நாளில்
ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பேன்.
கடக்கென்றால் காய்ச்சல், நசுக்கென்றால் ஈரம்.
முதல் மணி உத்தியோகம்.
இரண்டாவது மசக்கை.
மூன்றாவதிலிருந்து கணக்கு வைப்பதில்லை.

மாங்காய் கேட்டிருக்கலாம்.
சாம்பல் கேட்கிறவர்கள்கூட இருக்கிறார்கள்.
எனக்கு உமி நீங்கிய பச்சரிசி,
அது கடைவாயில் பாலாகிற நொடி,
கொஞ்சம் சாக்கு வாடையோடு.

அமலோற்பவம் சிஸ்டர் விரலில் குத்தினார்.
"ஒன்பதுகூட இல்லை முல்லைக்கொடி,
எட்டு புள்ளி ஆறு. அரிசி திங்கிறியா?"
இல்லை என்றேன்.
பல்லிடுக்கு காட்டிக்கொடுத்தது.

குளுக்கோஸ் தண்ணீர் குடித்துவிட்டு
ஓடாத மின்விசிறிக்குக் கீழே இரண்டு மணி நேரம்.
சர்க்கரை நூற்று நாற்பத்தாறு.
"நூத்தி நாப்பதுதான் எல்லை."
"ஆறுதானே சிஸ்டர் கூட, விட்டுடுங்களேன்."
சொல்லி முடிக்கும் முன்பே
அது யாருடைய குரல் என்று தெரிந்துவிட்டது.

காலையில் கலியபெருமாள்
மீட்டருக்கு முன்னால் நின்று கேட்டாரே:
"பத்தொன்பது. ரெண்டுதானேம்மா கூட,
போட்டு விடேன்."
போடவில்லை.
தார்ப்பாயை உதறிக்கொண்டு போனார்.
திட்டியிருப்பார்.
காற்று அந்தப் பக்கம் அடித்தது.

வீட்டில் நாத்தனாருக்குத் தனிச் சட்டம்.
"புள்ளத்தாச்சி ஆசைப்பட்டதைத் திங்காட்டி
பொறக்குறதுக்குக் காதுல சீழ் வடியும்."
நீடாமங்கலம் பால்திரட்டு ஒரு பெட்டி
அலமாரியின் மேல்தட்டில் ஏறியது.

செங்குட்டுவன் இரண்டு பேருக்கும் தலையாட்டுவான்.
என் தட்டுச் சோற்றில் பாதியைத் தன் தட்டுக்குத் தள்ளி
காலி இடத்தில் முருங்கைக்கீரை, பாசிப்பயறு.
நாளெல்லாம் மூட்டை மூட்டையாய் எழுதிவிட்டு வந்து
ஒன்றரைக் கரண்டிச் சோறு.

இரும்பு மாத்திரை எலுமிச்சைச் சாற்றோடு.
டீ அதன் பக்கத்திலேயே வரக்கூடாது.
மறுநாள் கறுப்பாய்ப் போகும், பயப்படாதே
என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார்.
பயந்தேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு.
பசி வயிற்றில் இருக்கும். இது பல்லில் இருந்தது.
ஸ்டூலைப் போடாமல் எட்டி
பால்திரட்டுப் பெட்டியைத் திறந்தேன்.
ஒரே ஒரு விள்ளல், காதுக்கு.
மீதி நூற்று நாற்பதுக்கு.
மூடும்போது மூடி சத்தம் போட்டது.
செங்குட்டுவன் புரண்டு படுத்தான்,
கேட்காதவன் மாதிரி.

நாலாம் நாள் கலியபெருமாள் வந்தார்,
கழுத்தெல்லாம் சுணை.
பதினாறு புள்ளி எட்டு.
எண்ணை அவர் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
என் கார்டு காய இன்னும் மூன்று வாரம் ஆகும்.

பட்டியலில் கையெழுத்துப் போடும்போது
விலாவில் ஓர் உதை.
"என்னம்மா வாயில?" என்றார்.
ஒன்றுமில்லை என்றேன்.

சரி, ஒன்று.