ஓரம்

மடிக்கணினி படிக்கட்டில் உருண்டதில்
திரை மட்டும்தான் செத்தது.
உள்ளே விசிறி ஓடுவது கேட்கிறது.
வீடு விற்கும் ஒப்பந்தம் அதற்குள்தான்.
கையெழுத்து இருவரும் போட வேண்டும்.

அதனால்தான் எட்டு மாதம் கழித்து
ஒக்ன்யானின் புது ஜாகைக்கு
கேபிளைத் தோளில் சுற்றிக்கொண்டு ஏறினேன்.
ஒன்பது மாடி. லிஃப்ட் ஓடவில்லை.
ஜன்னலுக்கு வெளியே டான்யூப் இல்லை,
மூடுபனிதான் இருந்தது.

முன்பு குடியிருந்தவர்
தூக்க முடியாமல் விட்டுப்போன டிவி,
கன்றுக்குட்டி கனம்.
முதுகில், ஒட்டடைக்குள்,
இருபத்தொரு பல் கொண்ட ஒரு வாய்.
கணினியின் வட்டத் துளைக்கும் அந்த வாய்க்கும் நடுவே
தரகனாக ஒரு அடாப்டர்,
ரூசே சந்தையில் நாலு லெவா.

குருட்டாம்போக்கில்
இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினான்.
நீலம்.
மறுபடியும். நீலம்.
"ரிமோட்டில் ஏவி" என்றேன்.
"தெரியும்" என்றான்.
தெரியாது. நானே அழுத்தினேன்.

படம் வந்தது, நிறம் வரவில்லை.
முகப்பில் அதே பழைய போட்டோ:
ஆற்றங்கரை மேசை, மீன் சூப் கொப்பரை,
அவன் தம்பி ப்ளாமென், அவன், யாரோ ஒருவரின் நாய்.
இடது கோடியில் நான் இருந்த இடத்தில்
டிவியின் பிளாஸ்டிக் சட்டம்.

"என்னை வெட்டிவிட்டாயா?"
"இருக்கிறாய். டிவி தின்கிறது.
நாலு பக்கமும் ஒரு விரற்கடை
தின்னாமல் விடாது இந்த ஜாதி."

நல்ல சாக்கு என்று நினைத்தேன்.
சொல்லவும் செய்தேன்.

பதில் பேசாமல் எதையோ திறந்தான்.
'சரி' என்ற பொத்தானும்
திரைக்குக் கீழே எங்கோ விழுந்து கிடந்தது.
டேப்பை எண்ணி எண்ணித் தட்டி, என்டர்.
தப்பு. மறுபடி எண்ணினான்.
படம் சுருங்கியது,
சுற்றிலும் துக்க அட்டை போல் கறுப்புக் கரை.
ஓரத்தில் முதலில் ஒரு முழங்கை,
பிறகு தோள்,
பிறகு நான்,
வாய் நிறைய ரொட்டியோடு
யாரையோ திட்டிக்கொண்டு.

ஒப்பந்தத்தைத் திறந்தோம்.
எழுத்தெல்லாம் மழையில் நனைந்த எறும்பு.
விலையில் அது மூன்றா எட்டா
என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தோம், தலை முட்டும் அளவுக்கு.
பெரிதாக்கினால் பக்கம் திரைக்குள் நிற்கவில்லை.
"பென் டிரைவில் எடுத்துக்கொள்,
கடையில் அச்சடிக்கலாம்" என்றான்.

எடுத்தேன்.
ஒப்பந்தத்தை மூடினதும் மறுபடி ஆற்றங்கரை.
"அந்தப் பச்சை ஸ்வெட்டர்
இன்னும் வைத்திருக்கிறாயா?"
"சிவப்பு."
"பச்சை."
திரையைப் பார்த்தோம்.
அது சாம்பல்.
"சிவப்பு, ஒக்ன்யான்" என்றேன்,
மேலங்கியைக் கழற்றி
நாற்காலியில் போட்டபடி.